இரண்டு மிஸ்டு கால் என்றால் பத்ஹா முடிந்தது

காலையில் யார்டுக்குப் போயிருந்தேன். துபாய் ராஸ் அல் கோரில் நம் வண்டிகள் நிற்கும் அதே யார்டுதான். ஒரு டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ பெருங்காயமும் வரமிளகாயும் தாளித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இன்றைக்கும் சாம்பார்தானா என்று கேட்க வாயைக்கூடத் திறந்துவிட்டேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தவர் தென்காசிப் பக்கத்து ஆள், போன மாதம் சேர்ந்தவர். என்னைப் பார்த்ததும் அவசரமாக அடுப்பை அணைக்கப் போனார். ஆபீஸ்காரன் திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். ஒன்றுமில்லை, சமையுங்கள் என்று சொல்லிவிட்டு, எதற்காக அங்கே போனேன் என்பதையே மறந்து தேராவில் ஆபீஸுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுதலாம் என்று இதுவரை தோன்றியதில்லை. நாம் எழுதிக்கொள்கிற ரகம் இல்லை. சரியாகச் சொன்னால், நீ வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் நாம் பேசிக்கொள்கிற ரகம்கூட இல்லை. நீ மணி அடிப்பாய், நான் எடுக்க மாட்டேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

நீ முதன்முதலில் ஆபீஸுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் பிளாஸ்டிக் பைக்குள் பாஸ்போர்ட், சவூதிக்குப் போகும் டிரைவர் விசா, நாமக்கல் ஆர்.டி.ஓ. கொடுத்த பழைய லைசென்ஸ். அந்தப் பழைய லைசென்ஸ் இங்கே எதற்கும் உதவாது என்று தெரிந்தும் கொண்டுவந்திருந்தாய். என் பெயரைக் கேட்டதும் "அப்ப சரிங்க பாய்" என்றாய். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்திக்காரன் சொன்னால் அண்ணன் தம்பி என்று அர்த்தம். நீ மட்டும் நம்ம ஊர் அர்த்தத்தில் கூப்பிட்டாய். பிரியாணிக்கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி. அதிராம்பட்டினத்தை விட்டு வந்து பத்து வருடத்துக்குப் பிறகு ஒருவன் என்னை அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

உன் முதல் டிரிப்பன்று முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாய். முதலாளி அரபி அன்று பார்த்து யார்டுக்கு வந்து, நசுங்கிக் கிடந்த பழத்தைக் காட்டி, சாப்பாட்டுச் சாமானை யார் இப்படி வீணாக்கியது என்று கத்தினார். நான் அவரிடம் ஏதோ பொய் சொல்லிச் சமாளித்தேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது. கடைசிப் பொய்யாக அதுவே இருந்திருக்கலாம்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜெபல் அலியில் ஒரு கம்பெனியின் சரக்கு ஒரு வண்டி நிறைய ஏறும். ஃபுல் லோடு. கதவைச் சாத்தி சீல் வைப்பார்கள். அந்த சீல் சவூதியில், தம்மாமில் வாங்குகிறவரின் கண்ணெதிரே உடைபட வேண்டும். நடுவில் இரண்டு எல்லைச் சாவடி. இந்தப் பக்கம் குவைஃபாத், அந்தப் பக்கம் சவூதியின் பத்ஹா. வண்டி எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்கும்போது வாய் திறந்து பதில் சொல்வது என் பிழைப்பு. வண்டியில் வைத்திருக்கும் டிராக்கர் எல்லை தாண்டினால் ஊமையாகிவிடும். அதற்குப் பிறகு டிரைவர் சொன்னால்தான் உண்டு.

அந்தக் காலத்தில் எல்லைக்கு அப்பால் ஒரு நிமிஷம் பேசினால் உன் போனில் இருக்கும் காசெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். அதனால் நான்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். குவைஃபாத்தில் முத்திரை குத்தி வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால். பத்ஹா முடிந்து சவூதி ரோட்டில் ஏறியதும் அடுத்தடுத்து இரண்டு. "நான் எடுக்கவே மாட்டேன், நீயும் எடுப்பேன்னு எதிர்பார்க்காதே" என்று கறாராகச் சொன்னேன். நான் சொன்ன வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். பிறகு காலம் மாறியது. மற்ற டிரைவர்கள் சவூதி சிம் வாங்கிக்கொண்டார்கள், வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்கள், லொகேஷன் அனுப்பினார்கள், எல்லையில் கிடைத்த டீ நன்றாக இல்லை என்பதைக்கூட அனுப்பினார்கள். நீ மட்டும் மாறவில்லை. கேட்டதற்குச் சிரித்தாய். "பேசுனா பேச்சு வளர்ந்துட்டே போவுமுங்க பாய். மணி அடிச்சா சேதி தெரிஞ்சிட்டுப் போவுது" என்றாய். எனக்கும் அது வசதியாக இருந்தது. பத்து டிரைவர்கள் பத்துப் புலம்பல் அனுப்பும் நாளில் உன் மணி ஒன்றுதான் எனக்கு நிம்மதியான சத்தம்.

நாம் நேரில் இருக்கும்போது நீ ஊமையும் இல்லை. ஒருமுறை என்னை வலுக்கட்டாயமாக உன் கேபினில் ஏற்றி குவைஃபாத் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாய். ஏன் லேட், ஏன் லேட் என்று நான் நச்சரித்ததில் உனக்குக் கோபம் வந்திருந்தது. எல்லைக்கு வெகுதூரம் முன்பே வண்டி நின்றுவிட்டது. என்னை இறங்கச் சொன்னாய். ரோட்டோரம் நின்று பார்த்தேன். முன்னாலும் டிரெய்லர், பின்னாலும் டிரெய்லர், கானலில் கடைசி வண்டி தெரியவில்லை. காற்று அடுப்படியிலிருந்து வருவதைப் போல முகத்தில் அடித்தது. "ஆபீஸ்ல உக்காந்துட்டு லைன் எவ்வளவு இருக்குதுன்னு கேக்கறீங்கல்ல. இப்பச் சொல்லுங்க, எவ்வளவு இருக்குது?" என்று மேலேயிருந்து கேட்டாய். அன்று முழுக்க வண்டி இரண்டு வண்டி தூரம் நகர்ந்திருக்கும். நீ பெட்டியைத் திறந்து டிரெய்லரின் நிழலில் சாம்பார் வைத்தாய். பக்கத்து வண்டிப் பட்டாணியன் ரொட்டி கொண்டுவந்தான். சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, ஒரே ஒரு மணி போனதும் கட் செய்தாய். யாருக்கு என்று கேட்டேன். வீட்டுக்கு என்றாய். சாயங்காலம் எதிர்ப்பக்கம் வந்த நம் வண்டியில் என்னை ஏற்றி அனுப்பினாய். அதற்குப் பிறகு எந்த டிரைவரிடமும் ஏன் லேட் என்று நான் கேட்டதில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

சரக்கு, பிளாஸ்டிக் செய்வதற்கான குருணை மூட்டைகள். தம்மாமில் ஒரு தொழிற்சாலைக்கு. அவர்களுடைய மெஷின் நிற்கப் போகிறது என்று இரண்டு நாளாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் குவைஃபாத் முடிந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டாய். பத்ஹாவில் பேப்பர் வரும்வரை வண்டிகளை ஒரு யார்டில் நிறுத்தி வைப்பார்கள், அங்கே நின்றாய். மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்சல் சோற்றைப் பிரித்து உட்கார்ந்தேன். இடது பக்கம் லேண்ட்லைனில் தம்மாம்காரர், வலது பக்கம் மேஜை மேல் என் மொபைல். உன் பெயர் வந்தது. மணி அடித்தது. நிற்கவில்லை. வழக்கமாக ஒன்றில் நிற்கும். மூன்று, நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. எதிரே இருந்த கிளார்க் பையன் நிமிர்ந்து பார்த்தான். "மணி அடிச்சுட்டு நிறுத்த மறந்துட்டான் மறதிக்காரன். தப்பித்தவறி எடுத்துட்டா காசு போயிரும்" என்று சொல்லி, சோற்றுக் கையை விட்டு மற்ற கையால் நானே கட் செய்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. அதுவும் நீளமாக அடித்தது. அதையும் கட் செய்தேன். இரண்டு ஆகிவிட்டது. லேண்ட்லைனில் தொங்கிக்கொண்டிருந்த தம்மாம்காரரிடம், பத்ஹா முடிந்துவிட்டது, வண்டி உங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். அன்று அந்தச் சோறு ருசியாக இருந்தது என்பதைக்கூட என்னால் மறக்க முடியவில்லை.

பத்ஹாவில் நமக்குப் பேப்பர் வேலை பார்க்கும் ஏஜென்டின் ஆபீஸ் நீ நின்ற யார்டிலிருந்து நடக்கிற தூரம். அதற்குப் பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்கும். நான் பச்சைப் பட்டனை அழுத்தியிருந்தால், நீ நெஞ்சு வலிக்குதுங்க பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏஜென்ட் ஓடி வந்து உன் கதவைத் திறந்திருப்பார். சொல்லக்கூட வேண்டாம், உன் மூச்சுச் சத்தம் கேட்டிருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும். இதை எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் விடை இதுதான் வருகிறது. விதி என்று சொல்லி எல்லாரும் ஆறுதல் அடைந்தார்கள். என்னால் முடியவில்லை. நான் செய்தது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை தம்மாமில் வண்டி இல்லை. உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டான் என்று பெருமையாகத்தான் நினைத்தேன். மதியத்துக்குள் பயம் வந்துவிட்டது. பத்ஹாவிலிருந்து தம்மாம் போகும் ஹொஃபூஃப் ரோட்டில் போய்க்கொண்டிருந்த மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு, பங்க்குகளில், ஓரங்களில் எங்காவது நம் வண்டி நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். எல்லையைத் தாண்டித்தான் தேடினேன். பத்ஹாவில் விசாரிக்க எனக்குத் தோன்றவேயில்லை. நீ இரண்டு அடித்துவிட்டாயே. கடைசியில் ஏஜென்டே போன் செய்தார். உங்கள் டிரைவரின் பேப்பர் நேற்றே ரெடி, போனை எடுக்க மாட்டேன் என்கிறாரே, என்ன ஆள் அவர் என்று சலித்துக்கொண்டார். யார்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். கேபின் திரை போட்டிருந்ததாம். பக்கத்து வண்டிக்காரர் நீ தூங்குவதாக நினைத்திருக்கிறார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், முந்தின நாள் மதியம் நடந்திருக்கும் என்றும் எழுதியிருந்தது. போன் டேஷ்போர்டு மேல் வெயிலில் கிடந்து பேட்டரி உப்பி, பிறகு உயிர் பெறவேயில்லை.

உன்னை ஊருக்கு அனுப்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. சரக்கு அப்படிக் காத்திருக்கவில்லை. மறுநாளே வேறு டிரைவரை அனுப்பி வண்டியை எடுக்கச் சொன்னார்கள், நான்தான் ஆள் ஏற்பாடு செய்தேன். தம்மாமிலிருந்து மெயில் வந்தது. சீல் உடையாமல் சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். வழக்கமாக எல்லா லோடுக்கும் எழுதுகிற வரிதான். அன்றும் அதை வழக்கம்போல அச்செடுத்து உன் வண்டியின் ஃபைலில் சேர்த்தேன்.

செய்தி போன இரண்டாம் நாள் உன் மனைவி சரசு என்னைக் கூப்பிட்டது. அழுகையெல்லாம் அடங்கிய குரல். "அண்ணா, கடைசியா உங்ககிட்டயாவது பேசுனாருங்களா?" என்று கேட்டது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து, ஏன், போனே வரவில்லையா என்று கேட்கும். வந்தது, கட் செய்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. பேசினார் அம்மா என்று சொல்லிவிட்டேன். என்ன சொன்னார் என்றது. நான் யோசிக்கக்கூட இல்லை. பன்னிரண்டு வருடம் உன் பேச்சைக் கேட்ட வாய், அது பாட்டுக்கு வந்துவிட்டது. "'சரசுவ வெசனப்படாம இருக்கச் சொல்லுங்க பாய், நான் பார்த்துக்கறேன்'னு சொன்னார்."

அந்த வாக்கியம் உன் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. உன் மைத்துனர் போனில் என்னிடமே அதைத் திருப்பிச் சொன்னார், உன் காரியத்தன்று பந்தியில் எல்லாரும் அதைச் சொல்லித்தான் அழுதார்களாம். நான் உம் கொட்டினேன்.

இந்த வருடம் லீவில் போனபோது முடிவு செய்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது, சரசு காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது. என் வீட்டில்கூட காரணம் சொல்லாமல் பஸ் ஏறினேன். திருச்சியில் மாறி நாமக்கல், அங்கிருந்து டவுன் பஸ். ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

உன் மகள் கல்லூரிக்குப் போயிருந்தது. சரசு பண்ணை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தது. டீ கொடுத்தது. உன் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள், நான் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அம்மா ஒரு விஷயம் என்று தொடங்கினேன். அதே நேரத்தில் சரசுவும் வாய் திறந்தது. சரி, சொல்லுங்கள் என்று விட்டேன். அங்கேதான் நான் தோற்றேன்.

"இத எங்க அண்ணங்கிட்டக்கூட நான் சொல்லலீங்க" என்றது. "அன்னைக்கு மத்தியானம் எனக்கும் போன் வந்துச்சுங்கண்ணா. பண்ணையில முட்டை அடுக்கிட்டு இருந்தேன். ஒரு மணி அடிச்சா சாப்புட்டாச்சுன்னு அர்த்தம், அது எங்களுக்குள்ள. அன்னைக்கு நிக்காம அடிச்சுது. நிறுத்த மறந்துட்டாராட்டம், காசு போயிரும்னு, நாந்தானுங்க கட் பண்ணுனேன்."

சரசு சொன்ன நேரத்தை வைத்துப் பார்த்தால், எனக்கு வந்த இரண்டுக்கும் நடுவில் அதற்கு ஒன்று போயிருக்கிறது. முதலில் என்னைக் கூப்பிட்டாய், பிறகு சரசுவைக் கூப்பிட்டாய், பிறகு மறுபடி என்னை. உனக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் உன் காசை மிச்சம் பிடித்தோம். உங்ககிட்டயாவது என்று அன்று போனில் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நானும் அதையேதான் செய்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தேன். சொல்லியிருந்தால், தன்னைப் போல இன்னொரு பாவி இருக்கிறான் என்றாவது சரசுவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சரசு நிறுத்தவில்லை. "நீங்க எடுத்தீங்க. அந்த ஒண்ணுலதானுங்கண்ணா நான் சோறு திங்கறேன்" என்றது. கீழே வைத்த டம்ளரை நான் மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டது.

"வலியோட பேசுனாருங்களா?"

"இல்லம்மா. எப்பவும் போலத்தான் பேசினார்."

அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னது. சொன்னேன். நீ இழுத்துப் பேசுகிற மாதிரியே சொன்னேன். சரசு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். தொழுகையில் மட்டும்தான் எடுப்பதில்லை, அப்போதும் மனம் தொழுகையில் இருப்பதில்லை. டிரைவர்களுக்கு இது கேலியாகிவிட்டது. தெரியாமல் கை பட்டால்கூட பாய் ஹலோ சொல்லிவிடுவார் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன், நம்மிடம் மிஸ்டு கால் கிடையாது, மணி அடித்தால் பேசு, பேச ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று பேசு. அதனால் உனக்கு எந்தப் பயனும் இல்லை.

நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும், அந்தக் கேபினில் காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்த உனக்குத் தெரியும். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்றாவது ஒருநாள் சரசு உன்னிடம் வந்து, பாயிடம் அப்படிச் சொன்னீர்களாமே என்று கேட்கும். ஆமாம், சொன்னேன் என்று சொல்லிவிடு.